எல்லவோடு திரும்பிவிடாதீர்கள்

மே மாதம் முடியும் தறுவாயில் என் மின்னஞ்சல் பெட்டிக்கு ஒரே விதமான கடிதங்கள் வரத் தொடங்கும். ரொறன்ரோ, லண்டன் என்று ஊர்தான் மாறும். "பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. இம்முறை இலங்கைக்கு வருகிறோம். கண்டியும் சிகிரியாவும் ஏற்கெனவே பார்த்தாயிற்று. கூட்டமில்லாத, பழைமையான ஊர் ஏதாவது சொல்லுங்கள்." பத்திரிகைக்காரனுக்கு எல்லா ஊரும் தெரியும் என்றொரு நம்பிக்கை நம்மவர்களுக்கு உண்டு. முப்பது வருடமாகச் செய்தி அறையில் மேசையைக் கட்டிக்கொண்டு கிடந்தவனுக்கு என்ன தெரியும்! ஆனாலும் இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் ஒரு பதில் உண்டு. பதுளைக்குப் போங்கள்.

"எல்லவுக்குப் பக்கத்தில் உள்ளதே, அதுவா?" என்று மறுகடிதம் வரும். அதேதான். எல்லவில் இறங்கி, 1921இல் கட்டிமுடித்த ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதற்கு அப்பால் நான்கே நிலையங்கள்: தெமோதரை, உடுவர, ஹாலிஎல, பதுளை. 1924இல் பதுளையை எட்டியதும் மலைநாட்டு ரயில் பாதை முடிந்துபோயிற்று. பாதை முடியும் இடத்தில் ஊரும் முடிந்துவிடுவதாகப் பயணிகள் எண்ணிக்கொள்கிறார்கள் போலும். தெமோதரையில் ரயில் பாதை மலையைச் சுற்றி இறங்கி, தான் சற்று முன் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போவதைப் பார்க்கவாவது இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையில் அமர்ந்திருக்கலாம்.

நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். கொழும்பிலிருந்து பேரகலை, பண்டாரவளை வழியாக வரும் வீதியும், கண்டியிலிருந்து வெலிமடை வழியாக வரும் வீதியும் சந்திக்கும் இடம் எங்கள் ஹாலிஎல. பஸ் மாறுவதற்காக நிற்கிறவர்களைத் தவிர வேறு எவரும் நின்று பார்த்திராத ஊர்.

ஆயினும் இந்த ஊரிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே போனால் போகொட என்ற இடத்தில் ஒரு மரப்பாலம் இருக்கிறது. ஓட்டுக் கூரை வேய்ந்து, மரத் தூண்களில் செதுக்கல் வேலைப்பாட்டோடு ஓடையின் மேல் நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். இதைவிடப் பழையது என்று வாதிடுவோரும் உண்டு. பதுளைக்கும் கண்டிக்கும் இடையே அந்நாளில் கால்நடையாகப் போனவர்கள் இதில் இளைப்பாறியிருக்கிறார்கள். பாலத்தை அடுத்து ஒரு குகை விகாரை. ஐரோப்பாவில் இப்படி ஒரு பாலம் இருந்திருந்தால் வாசலில் நுழைவுச் சீட்டும், வெளியேறும் வழியில் கடையும் இருந்திருக்கும். போகொடவில் நான் நின்ற ஒரு மணி நேரத்தில் வந்தவர்கள் வெள்ளைச் சீருடை அணிந்த இரண்டு பள்ளிச் சிறுமியர் மட்டுமே.

பதுளை நகரின் வயதைச் சொல்ல முதியங்கனை விகாரை ஒன்றே போதும். பௌத்தர்கள் வழிபடும் பதினாறு திருத்தலங்களுள் அது ஒன்று. பின்னாளில் ஊவா இளவரசர்களின் இருப்பிடமாயிற்று இந்நகர். 1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா படையோடு ஏறிவந்து பதுளையைச் சூறையாடினான்; திரும்பும் வழியில் வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலவில் தன் படையோடு மாண்டான். 1817இல் ஊவா மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தபோது, பதுளையிலிருந்த அரசாங்க முகவர் வில்சன் அம்புக்கு இரையானார். அடுத்த ஆண்டு அந்த எழுச்சியை அடக்கிய முறை கொடியது. வீடுகளும் பயிர்களும் கொளுத்தப்பட்டன. தலைவன் கெப்பெட்டிபொல கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டான். அவனுடைய மண்டையோடு எடின்பரோவுக்குக் கொண்டுபோகப்பட்டு 1954இல்தான் நாடு திரும்பிற்று.

நகர நடுவில் உள்ள புனித மாற்கு தேவாலயத்துக்கும் செல்லுங்கள். 1857இல் கட்டப்பட்டது. மேஜர் றோஜர்ஸ் என்ற அதிகாரியின் நினைவாக எழுந்த கட்டிடம் அது. வீதிகள் அமைத்ததில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று டெனன்ட் தம் நூலில் எழுதியிருக்கிறார். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். இதைப் பற்றி எங்கள் தோட்டத்துக் கிழவர்கள் சொல்லும் விளக்கத்தை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள்.

எனக்குப் பிடித்த பொருள் இவற்றுள் எதுவும் அன்று. அது நூலகத்தில் நிற்கும் ஒரு கல். பத்தாம் நூற்றாண்டில், நான்காம் உதய மன்னன் காலத்தில், மஹியங்கனைப் பக்கத்தில் சொரபொர குளத்தருகே நாட்டப்பட்டது. 1857இல் கண்டெடுக்கப்பட்டுப் பின்னர் பதுளைக்கு வந்தது. நான்கு பக்கமும் இருநூறு வரிகளுக்கு மேல் எழுத்து. செய்தி இதுதான்: மன்னன் மஹியங்கனைக்கு வந்திருந்தபோது ஹோபிட்டிகம என்ற சந்தையின் வணிகர்கள் திரண்டு வந்து முறையிட்டார்கள். அதிகாரிகள் சட்டத்துக்குப் புறம்பாக வரி பிடுங்குகிறார்கள் என்பது புகார். மன்னன் விசாரித்து விதிகளை வகுத்தான். சந்தையில் விற்காமல் கடந்து மட்டும் போகும் சரக்குக்குச் சுங்கம் கேட்கக்கூடாது. அங்கீகாரம் இல்லாத எடையும் அளவும் கூடாது. நிறுத்து விற்க வேண்டியதை நிறுக்காமல் விற்கக்கூடாது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல் என்றால் போரும் பட்டாபிஷேகமும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது நாங்கள் அன்றாடம் பத்திரிகையில் போடும் செய்தி. புகார், விசாரணை, உத்தரவு.

எடைபோடுவது என்றதும் என் நினைவு கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் போய்விடுகிறது. கூடைக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கழிக்கிறார்களே என்று அம்மா இரவில் முணுமுணுத்தது இன்னும் காதில் இருக்கிறது. ஹோபிட்டிகம வணிகருக்கு ஒரு கல் கிடைத்தது. காட்டை வெட்டி, கோப்பியை நட்டு, 1869இல் வந்த இலைநோயால் அது அழிந்தபின் தேயிலையை நட்டவர்களுக்குச் செக்ரோல் ஏட்டில் ஒரு வரி கிடைத்தது. அதுவும் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு முன்னால் செல்லவில்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கையில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களையே நிறுத்துப் பிரித்தார்கள். மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள்.

எங்கள் பெரியப்பா குடும்பம் இந்தியப் பக்கத்துத் தட்டில் விழுந்தது. 1978இல் ஹாலிஎல ஸ்டேசனில் கோச்சி ஏறித் தலைமன்னார் வழியாக இராமேஸ்வரம் போய், கடைசியில் கோத்தகிரியில் தேயிலையோடுதான் மறுபடியும் வாழ்ந்தார்கள். பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா முறை, 2024 ஓகஸ்டில் முதன்முறையாக வந்தார். உடன் அவர் மகன். விமான நிலையத்திலிருந்தே அவனுக்கு எல்லவைப் பார்க்க ஆசை.

"தம்பி, இவனுக்குப் பாலத்தைக் காட்டு. எனக்கு லயத்தைக் காட்டு" என்றார் அக்கா.

லயம் இருந்தது. தகரம் மாற்றியிருந்தார்கள், கதவில் தாரால் எழுதிய இலக்கம் மாறவில்லை. உள்ளே குடியிருந்தவர்கள் யாரோ. விஷயத்தைச் சொன்னதும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்கள். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து அதைக் குடித்தார். "இங்க இருந்தப்ப எங்கள இந்தியாக்காரங்கன்னாங்க. அங்க போனா சிலோன்காரங்கன்னாங்க. இப்ப இவங்க என்னைக் கோத்தகிரி அக்காங்கிறாங்க, பாரு" என்று சிரித்தார். மருமகன் கைப்பேசியை எடுத்து அந்த இலக்கத்தைப் படம் பிடித்தான். ஒன்பது வளைவுப் பாலத்தில் அவன் எடுத்த படங்களை எனக்கு அனுப்பவில்லை. இதை மட்டும் அனுப்பினான்.

இந்த லயங்களை எவரும் வரலாற்றுச் சின்னம் என்று சொல்வதில்லை. நானும் பாதுகாக்கச் சொல்லவில்லை. இடித்துவிட்டு மனிதர்கள் வாழத்தக்க வீடுகளைக் கட்ட வேண்டும் என்றே பல கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியபோதும் எழுதினேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோதும் எழுதினேன். எனினும் இடிக்கும் முன் ஒருமுறை வந்து பார்த்துவிடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. உங்களில் பலருடைய பாட்டனோ பூட்டனோ கண்டிச் சீமைக்குப் போனவர் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு இருக்கும்.

வருவதானால் ஜூலையிலிருந்து செப்டெம்பருக்குள் வாருங்கள். உங்கள் கோடை விடுமுறையும் அதுவே, ஊவாவின் பருவமும் அதுவே. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் வறண்ட காற்றாக இறங்கும். அந்த வறட்சியில் கொழுந்து திணறும். திணறலில்தான் ஊவாத் தேயிலைக்கே உரிய, மென்தால் போன்ற வாசனை ஏறுகிறது. உலகச் சந்தையில் அதற்குத் தனி விலை. தோட்டத்து லயத்தில் உங்களுக்குக் கிடைக்கும் பிளேன்டீயில் அந்த வாசனையைத் தேடாதீர்கள். நல்ல தூள் முழுவதும் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும்.

புயலில் ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. ஆகவே கோச்சி எதுவரை ஓடுகிறது என்று கோட்டை நிலையத்தில் விசாரித்த பின் புறப்படுங்கள். இல்லையேல் பஸ் இருக்கிறது. பதுளையில் இரண்டு இரவாவது தங்குங்கள். துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குக் காலையிலேயே போங்கள். அறுபது மீற்றருக்கு மேல் விழும் தண்ணீரைப் பார்க்க ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும், குரங்குகள் கையிலிருப்பதைப் பறிக்கும். ஹாலிஎலச் சந்தியில் பஸ் நின்றால் இறங்கி ஒரு தேநீர் குடியுங்கள். போகொடவுக்கு முச்சக்கர வண்டி அங்கேயே கிடைக்கும். வாடகையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.