தேக்கடி: கானகம் சூழ்ந்த நீர்ப்பரப்பு

கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் கடந்து லோயர் கேம்பை அடைந்ததும் சாலை மலையேறத் தொடங்குகிறது. வளைந்து வளைந்து ஏறி முடிந்தால் குமுளி. தமிழகம் முடிந்து கேரளம் தொடங்கும் அவ்வூரில் ஏலமும் மிளகும் மணக்கும். பள்ளிவாசல்களும் உண்டு. அங்கிருந்து 4 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது தேக்கடி. விடுமுறை நாட்களில் தென்மாவட்டத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவும் நாடிச் செல்லும் இடம் அது.

சுற்றிலும் அடர்ந்த கானகம். நடுவே கிளைகிளையாகப் பிரிந்து கிடக்கும் 26 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. இயற்கையாக அமைந்த ஏரி போலத் தோன்றினாலும், 1895ஆம் ஆண்டு பென்னி குயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உருவான நீர்த்தேக்கம் இது. அன்று நீரில் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் ஏரியின் நடுவே கரிய தூண்களாக நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும் காட்சியைப் படகிலிருந்து காணலாம்.

மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த நீரைக் கிழக்கே திருப்பியதே அந்த அணையின் பணி. ஏரி நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பக்கம் வருகிறது. குமுளி மலைச்சாலையோரம் காணப்படும் பெருங்குழாய்களில் இறங்கி, லோயர் கேம்பில் மின்சாரம் தந்து, கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, வைகையைச் சேர்கிறது. தேனி, மதுரை முதல் இராமநாதபுரம் வரை அதன் பயன் நீள்கிறது. மதுரையில் ஒருவர் ஒளூச் செய்யும் நீரிலும் இந்த ஏரியின் பங்கு உண்டு. ஆகவே தேக்கடிக்குச் செல்பவர், தம் வீட்டுக் குடிநீர் பிறக்கும் இடத்திற்கே செல்கிறார் என்பதை மறத்தலாகாது.

ஏரியைச் சூழ்ந்த காடு 1978 முதல் புலிகள் காப்பகமாக இருந்து வருகிறது. பரப்பு 925 சதுர கிலோமீட்டர். புலியைக் காண்பது அரிது. ஆனால் கோடையில் காட்டுச் சுனைகள் வற்றும்போது யானைகளும் காட்டெருமைகளும் மிளாக்களும் நீரருந்தக் கரைக்கு வரும். அவற்றைக் காண ஒன்றரை மணி நேரப் படகுப் பயணம் போதும். காட்டுக்குள் நடந்து, பின்னர் மூங்கில் தெப்பத்தில் மிதந்து செல்லும் பயணமும் உண்டு. அதற்கு வழிகாட்டிகள் உடன் வருவார்கள்.

அவ்வழிகாட்டிகளில் சிலரின் வரலாறு நெஞ்சைத் தொடுவது. ஒரு காலத்தில் இதே காட்டில் மரப்பட்டை திருடியவர்களையும் வேட்டையாடியவர்களையும், 1990களின் பிற்பகுதியில் வனத்துறை அழைத்துப் பேசித் திருத்திக் காவலர்களாக மாற்றியது. 2002 முதல் ‘வசந்த சேனா’ என்ற பெயரில் அவ்வட்டாரப் பெண்கள் ஊதியமின்றிக் குழுக்களாகக் காட்டைச் சுற்றிக் காவல் காத்தார்கள். மனிதன் திருந்துவதற்கான வாசலை அல்லாஹ் திறந்தே வைத்திருக்கிறான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இத்தகைய இடத்தில் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம்? நிழல் தரும் இடம், மக்கள் செல்லும் பாதை, நீர்த்துறை ஆகியவற்றை அசுத்தப்படுத்துவதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். உல்லாசப் பயணத்தில் நாம் அமர்வது நிழலில், நடப்பது பாதையில், நிற்பது நீர்த்துறையில். பிரியாணிப் பொட்டலத்தின் நெகிழித்தாளைக் கரையில் எறிந்துவிட்டு வருபவர் இம்மூன்றுக்கும் தீங்கிழைக்கிறார். யானையும் மானும் அதை உணவென்று விழுங்கும். காப்பகத்துக்குள் நெகிழிக்குத் தடை இருப்பது இதனால்தான்.

அதனினும் பெரியது உயிர்ப் பாதுகாப்பு. 2009 செப்டம்பர் 30ஆம் நாள் மாலை இந்த ஏரியில் இரண்டடுக்குப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள். குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்டு பயணிகள் ஒரே பக்கம் திரண்டதால் படகு சாய்ந்ததாகக் கூறப்பட்டது. படகின் சமநிலைக் குறையும் அளவுக்கு மிஞ்சிய பாரமும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. அதிகாரிகளின் பொறுப்பை அதிகாரிகள் ஏற்கட்டும். இருக்கையை விட்டு எழாமல் இருப்பது நம் பொறுப்பு அல்லவா?

எனவே குடும்பத்துடன் செல்வோர் சிலவற்றை உறுதி செய்துகொள்ளுங்கள். உயிர்காப்புச் சட்டையின் வார்களைக் குழந்தைகளுக்கு நீங்களே இறுக்கிக் கட்டுங்கள். வெயிலென்றும் புழுக்கமென்றும் கழற்ற விடாதீர்கள். ஆழம் அறியாத நீரில் கால் நனைக்கவும் இறங்காதீர்கள். பிற்பகல் கடைசிப் படகில் செல்வோர் அஸர் தொழுகை நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். யானை தென்பட்டால் கூச்சலிட்டுப் பிள்ளைகளை அழைக்காமல், மெல்லத் தொட்டுக் காட்டுங்கள். சத்தமில்லாத படகின் அருகேதான் விலங்குகள் அஞ்சாமல் நிற்கும். அந்த அமைதியில் படைத்தவனின் வல்லமையைச் சிந்திக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்; அவர்கள் ஊருக்குக் கொண்டுவரும் செல்வம் அதுவே.