கண்ணின் உயரம்

அருங்காட்சியகத்தில் எதை எங்கே வைப்பது என்பது நெடுங்காலமாகக் காப்பாளரின் அனுபவத்தைப் பொறுத்திருந்தது. இன்று அது கணக்காகவும் ஆகியிருக்கிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சார்ந்த பில் ஹில்லியரும் ஜூலியன் ஹான்சனும் 1984-இல் வெளியிட்ட நூல், சுவரும் வாயிலும் அமைந்த முறை மனித நடமாட்டத்தோடு கொண்ட உறவை ஆராய்ந்தது. அக்கல்லூரியில் பின்னர் உருவான ‘டெப்த்மேப்’ என்னும் கணிப்பொறி நிரல், கூடத்தின் வரைபடத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் எத்தனை கட்டங்கள் தெரியும் என எண்ணுகிறது. மிகுதியாகத் தெரியுமிடம் சிவப்பு, மறைவிடம் நீலம். இலண்டன் டேட் கலைக்கூடத்தில் பார்வையாளர் நடந்த வழிகளைக் குறித்து ஒப்பிட்டபோது, நடையும் கணக்கும் பெரிதும் ஒத்திருந்தன.

ஒளி நேர்கோட்டில் வந்து கண்ணை அடைகிறது என்பதை ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் விரித்துரைத்தவர், 10-ஆம் நூற்றாண்டில் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். நிரல் எண்ணுவதும் அத்தகைய கோடுகளையே. (அவர் பெயரை நம் பொறியியல் மாணவர் எத்துணைப் பேர் கேட்டிருப்பர்?)

திண்டிவனத்தில், வீடுகளிலிருந்து இரவல் பெற்ற அரபுத்தமிழ்க் கல்லச்சு நூல்களைச் சிறுவர்க்குக் காட்ட ஒரு கூடத்தை ஒழுங்கு செய்தோம். பாட்டிமார் ஓதிய அவ்வெழுத்தைப் படிக்க வல்லார் இன்று மிகச் சிலரே. விழுப்புரத்தில் கட்டடக்கலைத் தொழில் புரியும் நம் பழைய மாணவர் மடிக்கணினியோடு வந்தார்.

“நடுவிடம் நன்றாகச் சிவந்திருக்கிறது, ஹஜ்ரத். அங்கே வைத்தால் எவர் கண்ணுக்கும் தப்பாது” என்றார்.

“எவருடைய கண், தம்பி?” என்றோம்.

நிற்கும் பெரியவரின் கண்ணுயரத்தை வைத்தே அவர் கணக்கிட்டிருந்தார். அவ்வுயரத்துக்கு நாலரை அடித் தட்டிகள் தடையாகா. எட்டு வயதுப் பிள்ளைக்கோ அவை மதில்கள். தட்டிகளையும் சுவராகக் கொண்டு மீண்டும் கணக்கிட்டார். நடுவிடம் நீலமாயிற்று, சிவப்பு கிழக்குச் சன்னலோரம் ஒதுங்கியது. அங்கோ காலை வெயில். பழைய தாளுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் ஒளியே போதும் என்பது அருங்காட்சியகத்தார் வழக்கு. வெயில் இந்நிரலின் கணக்கில் சேர்வதில்லை.

ஆகவே சன்னலோரத்தில் திருவக்கரைக் கல்மரத்தின் பெரிய படத்தை மாட்டினோம். அது வெளுத்தால் வேறொன்று அச்சிடலாம். நடுவிலிருந்த தட்டிகள் இரண்டை அகற்றி, நூற்பேழையைத் தாழ்வான பலகைமேல் வைத்தோம்.

இரவல் தந்தவர்கள் ஞாயிறு மாலையே நூல்களைத் திரும்பக் கேட்டிருக்கின்றனர். பேழைக்குள் ஒவ்வொரு நூலிலும் ஒரு பக்கத்தைத்தான் திறந்து வைக்க இயலும். எந்தப் பக்கம் என்பதில் நம் இருவர்க்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை.