ஏட்டின் ஓரம்

பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பணி எங்கள் பங்கில் சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதில் ஈடுபட்டோருள் நானும் ஒருத்தி. “பார்த்து அடிப்பதுதானே, இதற்கென்ன அறிவு வேண்டும்?” என்போர் உண்டு. அவர்களுக்கு நான் முதலில் காட்டுவது பிரெஞ்சுக் குருக்கள் எழுதிய எண்களை. அவர்களது ஒன்றுக்கு மேலே நீண்ட சாய்கோடு உண்டு; நம் கண்ணுக்கு அது ஏழு. அவர்களது ஏழுக்கோ இடுப்பில் குறுக்குக் கோடு இருக்கும். இதை அறியாதவர் 11-ஆம் தேதி பிறந்த குழந்தையை 17-ஆம் தேதிக்குத் தள்ளிவிடுவார். திருமுழுக்கு 14-ஆம் தேதியெனில், பிறவாத குழந்தைக்கு நீர் வார்த்ததாக முடியும்!

அடுத்தது பெயர். ஏட்டில் இலத்தீனில் ‘பெத்ருஸ்’, வீட்டில் இராயப்பன், பள்ளிச் சான்றிதழில் பீட்டர். திருத்திவிடலாமே என்று கை துடிக்கும். கூடாது. உள்ளதை உள்ளபடியே இட்டு, வழங்குபெயரைத் தனிக் கட்டத்தில் குறிக்கிறோம்.

ஆயினும் எனக்கு மிகுந்த கவலை தந்தது ஏட்டின் ஓரந்தான். ஒருவரது உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம், துறவற நித்திய வார்த்தைப்பாடு ஆகியவற்றை அவரது திருமுழுக்குப் பதிவிலேயே குறிக்க வேண்டுமென்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 535-ஆம் எண். மணம் வேறு ஊரில் நடந்தாலும் செய்தி திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு வந்து சேரவேண்டும். மணத்திற்குமுன் புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றிதழைக் கேட்பது இதனாலேயே. எங்களுக்கு வந்த கணினிப் படிவத்திலோ இக்குறிப்புக்கு இடமே இல்லை. பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், தேதி, குரு, அவ்வளவே! ஓரத்தை விட்டுவிட்டு அச்சிடும் சான்றிதழ் மணமானவரையும் மணமாகாதவராகக் காட்டும். அதை நம்பி ஒரு பெண் பீடத்தின்முன் வந்து நிற்பாளே! பங்குத்தந்தையிடம் சொன்னோம். படிவத்தில் ஒரு கட்டம் கூடிற்று. ஏற்றி முடித்த பக்கங்களையெல்லாம் மீண்டும் பிரித்தோம்.

இப்போது ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே ஏற்றுகிறோம். வேறுபடும் இடத்தைக் கணினி காட்டும். ஏட்டைப் பார்த்தே தீர்த்துக்கொள்கிறோம். வேகம் பாதியாகிறது, போகட்டும். இருவரும் ஒன்றுபோல் பிழையாகப் படித்தாலோ கணினி வாய் திறவாது. ஆகையால் எண்களை மூன்றாமவர் ஒருவர் உரக்கப் படிக்கிறார். பூச்சி அரித்த இடத்தை ஊகித்து நிரப்புவதில்லை. ‘படிக்க இயலவில்லை’ என்றே இடுகிறோம். வேலை முடிந்த ஏடு பத்திரமாக அலமாரிக்குத் திரும்புகிறது. பழைய ஏடுகளைக் கவனமாய்ப் பேணுமாறு பணிப்பதும் அதே 535-ஆம் எண்தான்.