புறப்படுமுன் எழுதும் கணக்கு

பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளை பல்கலைக் கழகத்திற்குப் புறப்படும் நாள் ஒரு குடும்பத்திற்குத் திருநாள் போன்றதாகும். தாய் பெட்டியில் துணிமணிகளை அடுக்குகிறாள். பாட்டி ஊறுகாய்ச் சாடியைத் துணியில் சுற்றித் தருகிறாள். தந்தை பேருந்து புறப்படும் நேரத்தைப் பலரிடமும் கேட்டறிகிறார். இத்தனை முயற்சிகளுக்கிடையே ஒன்று மட்டும் பல வீடுகளில் விடுபட்டுப் போகிறது. அதுதான் கணக்கு. எவ்வளவு பொருள் வேண்டும், அஃது எந்த மாதத்தில் வேண்டும், எங்கிருந்து வரும் என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் வேரூன்றவில்லை. ‘எப்படியாவது சமாளித்துக் கொள்ளலாம்’ என்று கூறிவிட்டுப் பிள்ளையை அனுப்புகின்றனர். அந்த ‘எப்படியாவது’ என்னும் சொல், முதற் பருவம் முடியுமுன்னரே பல மாணாக்கரின் படிப்பைத் தடுத்து நிறுத்திவிடுகின்றது.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கேளம்பாக்கம் இக்கணக்கின் தேவையைத் தெளிவாகக் காட்டும் ஊர். சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பழைய மாமல்லபுரச் சாலையில், மேற்கே வண்டலூரிலிருந்தும் கிழக்கே கோவளத்திலிருந்தும் வரும் சாலைகள் கூடுமிடத்தில் அது அமைந்துள்ளது. அதன் கிழக்கே கழிமுகத்து நீரும் உப்பளங்களும் பரந்து கிடக்கின்றன. உப்புக்குப் பெயர் பெற்ற இப்பகுதி, கடந்த சில பத்தாண்டுகளில் கல்விக்கும் பெயர் பெறலாயிற்று. அண்மையிலுள்ள களவாக்கத்தில் 1996-ஆம் ஆண்டு சிவ சுப்பிரமணிய நாடார் பொறியியற் கல்லூரி தோன்றியது. வண்டலூர்ச் சாலையில் 2010-ஆம் ஆண்டு வேலூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் சென்னை வளாகம் எழுந்தது. எனவே, கல்வியாண்டு தொடங்குங் காலத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் பெட்டிகளோடு இவ்வூரில் வந்து இறங்குவதைக் காணலாம். அதே நாட்களில் இவ்வூர்ப் பிள்ளைகள் சிலர் வெளியூர்க் கல்லூரிகளை நாடிப் பேருந்து ஏறுவதையும் காணலாம். வருவோர்க்கும் போவோர்க்கும் கணக்கு ஒன்றே.

கணக்கின் முதற்பகுதி வரவு. ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாத வருமானம் இவ்வளவென்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், உழைக்கும் மக்களின் வரவு அவ்வாறு ஒரே சீராக வருவதில்லை. உப்பளத் தொழிலையே காண்க. தை பிறந்தபின் பாத்திகளைச் சீர்செய்கின்றனர். உவர்நீரைப் பாத்தி பாத்தியாகச் செலுத்தி, வெயிலில் வற்றவிட்டு, கோடையில் உப்பு வாருகின்றனர். ஐப்பசி மழை தொடங்கியவுடன் பாத்திகள் நீரில் மூழ்குகின்றன. பின்னர்ச் சில மாதங்களுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. கடல்தொழிலும் இத்தகையதே. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன் இனம் பெருகும் பொருட்டு, விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்படுகின்றது. கல்லூரியில் சேரப் பணம் தேடும் நாட்களும் பெரும்பாலும் அவையே! ஆகவே, வரவு எவ்வளவு என்று கேட்பது மட்டும் போதாது. எப்பொழுது வரும் என்றும் கேட்டல் வேண்டும்.

கணக்கின் இரண்டாம் பகுதி செலவு. மாணாக்கரின் செலவை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, ஒருமுறை மட்டுமே வரும் செலவு. பெட்டி, படுக்கை, உடைகள், விடுதி முன்பணம், சான்றிதழ்ப் படிகள், முதற் பயணம் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, பருவந்தோறும் வரும் செலவு. கல்விக் கட்டணமும், தேர்வுக் கட்டணமும், நூல்களும் இவ்வகையின. மூன்றாவது, மாதந்தோறும் வரும் செலவு. உணவு, உறைவிடம், பேருந்து, தொலைபேசி, சலவை ஆகியன இவ்வகையைச் சேரும். நான்காவது, முன்னறிய முடியாத செலவு. காய்ச்சலும், கிழிந்த செருப்பும், ஊரில் நேரும் நன்மை தீமைகளும் நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு மாணவிக்கு ஒருமுறைச் செலவு 12,000 ரூபாய் என்று கொள்க. பருவத்திற்கு 15,000 ரூபாய் வீதம் இரண்டு பருவங்களுக்கு 30,000 ரூபாய். மாதத்திற்கு 4,500 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு 45,000 ரூபாய். மூன்றையும் கூட்டினால் 87,000 ரூபாய் ஆகின்றது. அதில் பத்தில் ஒரு பங்காகிய 8,700 ரூபாயை எதிர்பாராச் செலவிற்கென ஒதுக்கினால், மொத்தம் 95,700 ரூபாய். இதனைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்திற்கு 8,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவே வரும். ‘இவ்வளவுதானா?’ என்று குடும்பத்தார் மகிழ்வர். ஆனால், முதல் மாதத்தில் மட்டும் வேண்டுவது எவ்வளவு? ஒருமுறைச் செலவு 12,000. பருவச் செலவு 15,000. மாதச் செலவு 4,500. ஆக 31,500 ரூபாய். ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் மாதத்திலேயே வந்து நிற்கின்றது! இரண்டாம் பருவக் கட்டணமோ, மழையால் உப்பளம் மூடிக் கிடக்கும் காலத்தை ஒட்டி வருகின்றது. இவ்விரண்டு மாதங்களையும் முன்னரே கண்டுகொண்ட குடும்பம் கோடையிலேயே சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கும். காணாத குடும்பம் கந்துவட்டிக் கடையின் படியேறும்.

கணக்கில் விழும் ஒரு சிறு ஓட்டை எத்தகைய அறிவாளியையும் வருத்தும் என்பதற்குக் கணித மேதை இராமானுசனின் வாழ்க்கையே சான்றாகும். 1904-ஆம் ஆண்டு அவர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். அவருடைய தந்தையார் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். கல்லூரிக் கட்டணமோ அவருடைய ஒரு மாத ஊதியத்தினும் மிகுதி. உதவித்தொகை இருந்தமையால் கவலை இல்லை என்று வீட்டார் எண்ணியிருத்தல் கூடும். ஆனால், அத்தொகை எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி பெறுவோர்க்கே நிலைப்பது. கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்த இராமானுசன் பிற பாடங்களில் பின்தங்கினார். உதவித்தொகை நின்றது, அதனோடு அக்கல்லூரிப் படிப்பும் தடைப்பட்டது. 1906-ஆம் ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் சேர்ந்தும் தேர்வில் வெற்றி பெற இயலவில்லை. உதவித்தொகையின் அளவை அறிவதோடு, அது நிலைப்பதற்குரிய விதியையும் அறிதல் வேண்டும் என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி புகட்டுகின்றது.

அதே இராமானுசன் பத்தாண்டுகளுக்குப்பின் செய்த பயணம் முற்றிலும் வேறுபட்டது. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராய் இருந்தபோது, தம் ஊதியம் ஆண்டுக்கு 20 பவுண்டே என்று அவர் பேராசிரியர் ஆர்டிக்கு எழுதினார். 1913-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக் கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. மறு ஆண்டு அவரைக் கேம்பிரிட்சுக்கு அனுப்ப முயற்சி எழுந்தபோது, அதற்குரிய திட்டம் செம்மையாக வகுக்கப்பட்டது. ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை. கப்பற் பயணத்திற்கும் உடைக்கும் தனியே 100 பவுண்டு. ஒருமுறைச் செலவும் ஆண்டுச் செலவும் வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டமை காண்க. உதவித்தொகையில் ஒரு பகுதி குடும்பத்தாருக்குச் சேரவும் ஏற்பாடாயிற்று. மகன் கடல் கடந்து சென்றால் வீட்டார் எவ்வாறு உண்பர் என்னும் வினாவிற்கும் அக்கணக்கில் விடை இருந்தது. 1914 மார்ச்சு 17-ஆம் நாள் கப்பலேறிய அவர், ஏப்ரல் 14-ஆம் நாள் இலண்டனை அடைந்தார். அங்கே பேராசிரியர் நெவில் அவரை எதிர்கொண்டு அழைத்துச் சென்றார். திரினிட்டிக் கல்லூரியும் ஆண்டுக்கு 60 பவுண்டு அளித்தது.

எனினும், அச்சிறந்த திட்டத்திலும் இரண்டு செய்திகள் போதிய அளவு எண்ணிப் பார்க்கப்படவில்லை. ஒன்று உணவு, மற்றொன்று குளிர். புலால் உண்ணாத இராமானுசன் தம் அறையிலேயே தாமே சமைத்து உண்டார். 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. வேண்டிய பொருள்கள் கிடைப்பது அருமையாயிற்று. ஆராய்ச்சியில் ஈடுபட்டு உணவை மறந்த நாட்களும் இருந்தன. குளிரில் நடுங்கிக் கிடந்த அவருக்கு, படுக்கையில் விரித்திருந்த கம்பளங்களை விலக்கி அவற்றினுள்ளே படுத்துறங்க வேண்டும் என்பதையே, உடன் பயின்ற மகலனோபிசு என்னும் வங்க அறிஞர் கற்பிக்க வேண்டியிருந்தது. 1917-ஆம் ஆண்டு இராமானுசன் கடும் நோய்வாய்ப்பட்டார். பொருள் இருந்தும் உடலைப் பேணும் வழி முன்னரே எண்ணப்படாவிட்டால் துன்பம் நேரும். எனவே, புதிய ஊரின் தட்பவெப்பம், உணவுமுறை, அருகிலுள்ள மருத்துவமனை, துன்ப காலத்தில் உதவக்கூடிய ஒருவரின் முகவரி ஆகியவற்றையும் கணக்கேட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுதல் நலம்.

இராமானுசன் காலத்தில் உதவித்தொகை பெற்றோர் மிகச் சிலரே. பின்னாளில் அரசு பல கதவுகளைத் திறந்து வைத்தது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி கற்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆண்களுக்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தொழிற்கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் 2021-ஆம் ஆண்டு நிறைவேறியது. அவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுவோர்க்குக் கட்டணச் சலுகையும் ஏற்பட்டது. ஆனால், கதவு திறந்திருப்பது மட்டும் போதாது. உள்ளே செல்வதற்குரிய சீட்டும் கையில் இருத்தல் வேண்டும். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கடைசி நாளில் தேடி அலைவோர் பலர். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்தவுடனேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டால் இவ்வலைச்சல் இல்லை. தன் பெயரில் வங்கிக் கணக்கொன்றும் முன்னரே தொடங்கியிருத்தல் வேண்டும். மேலும், உதவித்தொகை பெரும்பாலும் சேர்ந்து சில மாதங்கள் கழித்தே கைக்கு வரும். ஆதலின், முதல் மாதச் செலவிற்கு அதனை நம்பியிருத்தல் ஆகாது.

இத்தனைக்குப் பின்னும் குறை இருப்பின் வங்கியில் கல்விக் கடன் பெறலாம். படிக்குங் காலத்தில் தவணை கட்ட வேண்டாத வசதி இக்கடனுக்கு உண்டு. ஆயினும், தவணை உறங்கும்பொழுதும் வட்டி உறங்குவதில்லை என்பதை மறத்தல் கூடாது. அகலக்கால் வைக்காதே என்பது பழமொழி. கட்டணத்திற்கும் உணவிற்கும் கடன் பெறுவது கல்விக்கு உரம். பிறர் வைத்திருக்கும் தொலைபேசியைப் போலத் தானும் வாங்கக் கடன் பெறுவது பயிருக்கு இட வேண்டிய உரத்தைக் களைக்கு இடுவதாகும். வருவாய் சிறிதாயினும் செலவு விரியாவிட்டால் கேடில்லை என்னும் கருத்தைத் திருவள்ளுவர் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில் அமைத்துள்ளார். கணக்கறிதல் தன் வலிமையை அறிதல் என்பதே அதனால் விளங்கும் உண்மை.

இக்கணக்கைத் தந்தை மட்டும் எழுதுதல் கூடாது. மகனோ மகளோ உடனிருந்து எழுத வேண்டும். வீட்டின் வருவாயைப் பிள்ளைகளிடம் கூறப் பெற்றோர் நாணுகின்றனர். கையில் பணம் தீர்ந்துவிட்டதைப் பெற்றோரிடம் கூறப் பிள்ளைகள் நாணுகின்றனர். இவ்விரு நாணங்களுக்கிடையே அகப்பட்டுத்தான் பல மாணாக்கர் காலை உணவை நிறுத்துகின்றனர். தேர்வுக் கட்டணத்திற்கு நாள் கடத்துகின்றனர். இறுதியில் ஒருவருக்கும் உரைக்காமல் ஊர் திரும்புகின்றனர். வறுமை குற்றமன்று, அதனை மறைப்பதனால் விளையும் தீங்கே பெரிது. ஆகையால், வாரம் ஒருமுறை செலவை எழுதுதலும், மாதம் ஒருமுறை அதனை வீட்டாருக்குத் தெரிவித்தலும் மாணாக்கர் கைக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கங்களாகும்.

இராமானுசன் தாயகம் திரும்புமுன், அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு அளிப்பதெனச் சென்னைப் பல்கலைக் கழகம் முடிவு செய்தது. நோயுற்றிருந்த அவர், 1919 ஜனவரி 11-ஆம் நாள் பல்கலைக் கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு அளித்து, தம் இன்றியமையாச் செலவும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர்க்கும் ஆதரவற்றோர்க்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வழங்கவும் பயன்படுத்த வேண்டும் என்றும் அதில் விழைந்தார். உதவித்தொகை நின்றதனால் ஒருகாலத்தில் கல்லூரியை விட்டு வெளியேறியவர் அவர்! தம் தேவை இவ்வளவே என அறிந்தமையால், எஞ்சியது பிறர்க்குரியது என்பதையும் அறிந்தார். கேளம்பாக்கத்துச் சாலையில் பெட்டியோடு நிற்கும் மாணாக்கர், அப்பெட்டியின் மேற்புறத்தில் தம் கணக்கேட்டை வைத்துக்கொள்வாராக. அதன் முதற்பக்கத்தில் பெற்றோரின் உழைப்பு வரவாக எழுதப்பட்டிருக்கட்டும்; கடைசிப் பக்கத்தில், பின்வரும் ஒரு மாணாக்கர்க்கு உதவும் தொகைக்கென ஒரு வரி இடம் விடப்பட்டிருக்கட்டும்.