பொறிக்கும் ஓர் உரை வேண்டும்

நச்சினார்க்கினியர் உரை வகுத்திராவிடில் பத்துப்பாட்டின் வாயில் நம்மில் பலர்க்கு அடைத்தே கிடந்திருக்கும். உரை மூலத்தினும் பெரிதன்று, மூலத்திற்கு மாற்றுமன்று. தெரிந்த சொற்களின் வழியே தெரியாத பொருளைச் சென்று சேர்வதற்கு அமைந்த பாலம் அஃது. அத்தகைய பாலம் இன்று கணிப்பொறித் துறைக்கும் வேண்டப்படுகிறது என்பதே யாம் ஈண்டு உரைக்க விழைவது. தமிழ் கற்பிப்பார்க்கு இதில் என்ன அலுவல் என வினவுவோர் இறுதிவரை பொறுத்தருள வேண்டுகிறோம்.

கணிப்பொறியின் மையச் செயலி, கைதேர்ந்த வினைஞர் சிலர் அமர்ந்து பணியாற்றும் பட்டறை போன்றது. ஜிபியு எனப்படும் வரைகலைச் செயலியோ ஆயிரக்கணக்கான எளிய தொழிலாளர் ஒரே வேலையை ஒரே நேரத்தில் செய்யும் ஆலை. திரையில் படங்களை விரைந்து தீட்டுதற்கென எழுந்த அதனைப் பிற கணக்குகட்கும் பயன்படுத்த ஆய்வாளர் முனைந்தனர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இயன் பக் முதலானோர் 2004-இல் புரூக் என்னும் நிரல்மொழியை வெளியிட்டனர். அவர் பின்னர் என்விடியா நிறுவனத்தில் சேர, 2007-இல் கூடா வெளிவந்தது. பெயர் தமிழ்ச் செவிக்கு ‘ஆகாது’ என்று ஒலிப்பினும், ஆகாதென எண்ணிய பலவற்றை ஆக்கிக் காட்டியது அதுவே.

கூடாவில் வேலை இழைகளாகப் பகுக்கப்படும். 32 இழைகள் கொண்டது ஒரு பாவு. இச்சொல் நெசவிலிருந்து வந்ததென அதன் வழிகாட்டி ஏடே குறிப்பிடுகிறது. பஞ்சின் இழையையும் புலவன் படைப்பையும் ‘நூல்’ என்னும் ஒரே சொல்லால் குறித்த மொழி நம்முடையது. நன்னூலும் நூல் இயற்றுதலை நூற்றலோடு ஒப்பிடுகிறது. ஆகவே இத்துறை எமக்கு முற்றிலும் அயலாகத் தோன்றவில்லை.

எனினும் இவ்வாலைக்குள் நுழைவது எளிதன்று. 2012-இல் கனடா நாட்டு டொரண்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ்நெட், படங்களை இனங்காணும் போட்டியில் வென்று உலகை வியக்க வைத்தது. சந்தையில் விற்ற இரண்டு ஜிபியு அட்டைகளில் ஐந்தாறு நாள் நடந்த பயிற்சி அது. அதற்குரிய கூடா நிரலை அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி தம் கைப்பட எழுதினார். அட்டையை எவரும் வாங்கலாம். அந்நிரலை எழுத வல்லார் அன்று மிகச் சிலரே. பைத்தான் போன்ற உயர்நிலை மொழி மட்டும் அறிந்தோர் வாயிலிலேயே நின்றனர். அவர்க்கு உரை வகுப்பனவே இன்றைய கருவிகள்.

எம் தமையனார் மகள் முதுநிலைக் கணிதம் பயில்பவள். சிதைந்த ஏடுகளின் நிழற்படங்களைத் தெளிவாக்கும் முறையொன்றை ஆய்வேட்டிற்கு எடுத்துக்கொண்டாள். பைத்தானிலிருந்து ஜிபியுவை இயக்கும் கருவியொன்றைப் பயன்படுத்தினாள். நிரல் தடையின்றி ஓடியது. விடை மட்டும் தவறாக வந்தது. பிழைச் செய்தி ஒன்றுமில்லை. மூன்று வாரம் போராடிய பின், “சாச்சா, எனக்கு இது வராது போல இருக்கு. தலைப்பை மாத்திக்கிறேன்” என்றாள். சிறுவயதில் கணக்கில் ஒருநாளும் தளராதவள் அவள். பின்னர் அவள் ஆசிரியை அருகமர்ந்து விரல்விட்டு எண்ணிக் காட்டினார். புள்ளிகள் 1000, இழைகளோ 256 கொண்ட குழுக்களாகவே வரும். எனவே நான்கு குழுக்கள், 1024 இழைகள். மிகுந்த 24 இழைகள் எல்லை கடந்து அயலான் நிலத்தில் எழுதிக்கொண்டிருந்தன. ‘எல்லைக்குள் இருந்தால் மட்டும் எழுது’ என்னும் ஒற்றை வரி சேர்த்ததும் விடை சரியாயிற்று.

கருவி வாய்திறவாமையால் ஒரு பெண் தன் அறிவையே ஐயுற்றாள். இழப்பு மூன்று வாரம் அன்று; ஓர் ஆய்வாளரையே இழக்க இருந்தோம்.

நல்ல கருவிகள் இதனை உணர்ந்தே அமைக்கப்படுகின்றன. 2012-இல் தோன்றிய நம்பா என்னும் கருவியில் ஓர் ஒத்திகை முறை உண்டு. ஜிபியுவுக்கென எழுதிய நிரலை மையச் செயலியிலேயே மெதுவாக ஓட்டிப் பிழை நேரும் வரியைக் காணலாம். விரைவை விட்டுக்கொடுத்துத் தெளிவைப் பெறுவது இது. கற்பவர்க்கு முதலில் வேண்டுவது தெளிவே.

அடுத்தது, செலவை மறையாமை. 2020-இல் வந்த ஏ100 அட்டை தன் நினைவகத்தை நொடிக்கு ஏறத்தாழ 1,500 ஜிகாபைட் விரைவில் படிக்கும். அதனைக் கணிப்பொறியோடு இணைக்கும் பாதையோ ஒரு திசையில் 32 ஜிகாபைட் அளவே தாங்கும். ஆலை பெரிது, சாலை குறுகியது. சரக்கை அடிக்கடி ஏற்றி இறக்கினால் ஆலையால் பயனில்லை. ஜப்பானில் உருவான கூபை, வழக்கமான பைத்தான் கணக்குகளைச் சிறு மாற்றத்துடன் ஜிபியுவில் இயக்கும். ஆயினும் தரவு சொல்லாமற் கொள்ளாமல் சாலை கடக்க அஃது இசையாது. ‘வெளிப்படையாகக் கேள்’ என்று தடுத்து, கேட்கும் வழியையும் கூறும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் டிம் பெசார்டு முதலானோர் வளர்த்த ஜூலியா மொழிக் கருவியும், அட்டையிலுள்ள எண்களை ஒவ்வொன்றாக எடுக்கும் மெத்தனத்தைக் கண்டால் எச்சரிக்கும் அல்லது நிறுத்தும். இத்தடை கடுமையன்று, ஆசிரியரின் கண்டிப்பு.

மூன்றாவது, எதனை மறைப்பது என்னும் தெளிவு. ஃபிலிப் டில்லே ஹார்வர்டில் தொடங்கி, ஓப்பன்ஏஐ 2021-இல் வெளியிட்ட டிரைட்டன், ஒவ்வோர் இழையையும் மேய்க்கும் சுமையை நிரலாளரிடமிருந்து தான் ஏற்றுக்கொள்கிறது. தரவை எவ்வாறு கட்டங்களாகப் பகுப்பது என்னும் முடிவை மட்டும் அவரிடமே விடுகிறது. சலிப்பூட்டும் உழைப்பை வாங்கிக்கொண்டு சிந்தனையைக் கற்பவர்க்கே விட்டுவைப்பதன்றோ உரையாசிரியர் பணி!

இனித் தமிழாசிரியர் அலுவலுக்கு வருவோம். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறல், மயங்க வைத்தல் என்பனவும் உண்டு. பிழைச் செய்தி ஒவ்வொன்றும் ஒரு சிற்றுரைநடை. அதனை எழுதுவோர் இக்குற்றங்களை அறிந்திருத்தல் நன்று. எங்கே பிழை, ஏன் நேர்ந்தது, என் செய்வது என்னும் மூன்றையும் இரண்டே வரியில் சொல்வது மொழிப்பயிற்சி உடையார்க்கே எளிதாகும்.

ஆதலின் மாணவச் செல்வங்களே, கணிப்பொறி பயில்வோர் இலக்கணத்தையும், இலக்கியம் பயில்வோர் கணிப்பொறியையும் அயலெனக் கருதற்க. நாளை நீங்கள் ஒரு கருவி சமைக்கும்போது, அதனைக் கையாள்பவர் தவறினால் தம்மை நொந்துகொள்வாரா, தவறு இருக்குமிடத்தை அறிந்துகொள்வாரா என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். பின்னதற்கு வழி செய்வீராயின், நீவிரும் உரையாசிரியர் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவரே.