இரண்டு மணி டோஸ்

இரவு இரண்டு மணி. பெண்கள் வார்டில் ஏழாவது கட்டில். சிறுநீர்ப் பாதையில் தொடங்கிய தொற்று ரத்தத்தில் ஏறி, மூன்று நாள் குளிரும் காய்ச்சலுமாகக் கிடந்த அம்மா இப்போதுதான் கண் அயர்ந்திருக்கிறார். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்த மகள், ட்ரே சத்தம் கேட்டு எழுந்து உட்கார்கிறாள்.

"இப்பத்தான் சிஸ்டர் தூங்குனாங்க. விடிஞ்சதும் போட்டுக்கலாமே?"

இருபத்து மூன்று வருடங்களில் இந்தக் கேள்வியை எத்தனையோ மகள்கள் கேட்டிருக்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது, தூக்கமும் மருந்துதான். ஆனாலும் நான் எழுப்புவேன். என் கையில் இருப்பது பிப்பராசிலின்-டாசோபாக்டம். ரத்தத்தில் ஏறிய மருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும், அடுத்த மணியில் அதிலும் பாதி. இந்த வகை மருந்து கிருமியை அடக்கும் அளவுக்குக் கீழே இறங்காமல் எத்தனை மணி நேரம் ரத்தத்தில் நின்றது என்பதில்தான் குணமே இருக்கிறது. மாலை 6 மணிக்கு முதல் டோஸ் என்றால் அடுத்தது இரவு 2, அதற்கடுத்தது காலை 10. விடியட்டும் என்று நாலு மணி நேரம் விட்டால், அந்த நாலு மணி நேரம் கிருமிக்குப் போகும். இந்த அம்மாவின் ரத்தத்தில் இருந்த ஈ.கோலை, வசதி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது.

எல்லா மருந்துக்கும் இதே கடிகாரம் என்று நினைத்துவிடக் கூடாது. அமிகாசின், ஜென்டாமைசின் எல்லாம் வேறு ஜாதி. பெரும்பாலும் ஒரு நாளின் அளவை ஒரே தடவையாகக் கொடுக்கிறோம். உயர ஏறி, அடித்துவிட்டு, இறங்கிவிட வேண்டும். இறங்காமல் உடம்பில் தங்கினால் சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கும். அதனால் அமிகாசின் ஓடும் நோயாளியிடம் தினமும் இரண்டு வேலை எனக்கு உண்டு. ஒன்று, எத்தனை மில்லி சிறுநீர் போனது என்று அளந்து எழுதி, கிரியாட்டினின் ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பார்ப்பது. இன்னொன்று, "காதுல ஙொய்யினு சத்தம் வருதா பாட்டி? நடந்தா தள்ளாடுதா?" என்று கேட்பது. கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். வயசானால் காது அப்படித்தான் இரையும் என்று அவர்களே ஒரு காரணம் வைத்திருப்பார்கள்.

டாக்டர் எழுதுவது ஒரே வரி. மருந்தின் பெயர், அளவு, எந்த வழி, எத்தனை மணிக்கொருமுறை. அந்த வரிக்கு முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் எங்கள் கையில் இருக்கிறது.

முன்னால் இருப்பதைச் சொல்கிறேன். முதல் டோஸுக்கு முன்பே கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாயிற்றா என்று பார்க்க வேண்டும். மருந்து ஒருமுறை உள்ளே போய்விட்டால் கிருமி பாட்டிலில் வளராமல் ஏமாற்றிவிடும், பிறகு குருட்டாம்போக்கில்தான் வைத்தியம். ரத்தம் எடுக்க நேரமாகிறது என்று ரொம்ப ஆபத்தான நோயாளிக்கு மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது. பத்து நிமிடத்துக்குள் ஓடி ஓடிச் செய்கிற வேலை அது.

அப்புறம் அந்தக் கேள்வி: "ஏதாவது மருந்து ஒத்துக்காதா?" நம் ஊரில் "ஒத்துக்கல" என்ற ஒரு சொல்லுக்குள் உலகமே அடங்கியிருக்கிறது. வாந்தி வந்தாலும் ஒத்துக்கல, பேதியானாலும் ஒத்துக்கல, மாத்திரை கசந்தாலும் ஒத்துக்கல, மூச்சடைத்து உயிர் போய் வந்தாலும் ஒத்துக்கல. அதை அப்படியே "அலர்ஜி" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவது பாதி வேலை செய்த மாதிரி. என்ன ஆச்சு, போட்டு எவ்வளவு நேரத்தில் ஆச்சு, தடிப்பு வந்ததா, உதடு வீங்கியதா, மயக்கம் வந்ததா, எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று நூல் பிடித்துப் போக வேண்டும். கூட வந்தவரிடமும் கேட்க வேண்டும். மயங்கிக் கிடந்த கதை மனைவிக்குத்தான் நினைவிருக்கும்.

டெஸ்ட் டோஸ் போடுகிறோம். முன்கையில் தோலுக்குள் 0.1 மில்லி, கொப்புளம் எழும்பியதும் பேனாவால் வட்டம், அரை மணி காத்திருப்பு. சிவக்கவில்லை என்றால் நிம்மதியாகிவிடுகிறார்கள், நோயாளி மட்டுமில்லை, புதிதாக வந்த நர்ஸ்களும்தான். அந்த நிம்மதி எனக்குப் பிடிப்பதில்லை. வட்டத்துக்குள் ஒன்றுமே வராமல் முழு டோஸில் மூச்சு இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் டோஸ் ஓடும்போது முதல் கால் மணி நேரம் கண்ணெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். எமர்ஜென்சி ட்ரேயில் அட்ரினலின் எந்த மூலையில் இருக்கிறது என்று இருட்டிலும் கைக்குத் தெரிய வேண்டும். பெரியவர்களுக்கு அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஏவில் என்ற அலர்ஜி ஊசியைத் தேடிக்கொண்டு அட்ரினலினைத் தாமதிப்பதுதான் நான் பார்த்த பெரிய தவறு.

என் தவறு வேறு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், வேறோர் ஊர் ஆஸ்பத்திரி. இரவுப் பணியில் நாற்பது கட்டிலுக்கு நான் ஒருத்தி. சர்க்கரை நோயால் கால் புண்ணாகி வந்த லாரி டிரைவர் ஒருவருக்கு வான்கோமைசின் 1 கிராம் எழுதியிருந்தது. அதை 200 மில்லியில் கலந்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் விட வேண்டும். படித்ததுதான், பரீட்சையில் எழுதியதும்தான். அன்று நான் ரெகுலேட்டரைத் திறந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். இருபது நிமிடத்தில் "சிஸ்டர்!" என்று ஒரு குரல். முகம், கழுத்து, நெஞ்செல்லாம் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி சிவந்திருந்தது. உடம்பெல்லாம் எரியுது, அரிக்குது என்றார். பிரஷர் 80க்கு இறங்கியிருந்தது. நிறுத்தினேன், டூட்டி டாக்டர் வந்தார், ஒரு மணி நேரத்தில் சரியாயிற்று. கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதப்பட்டது: வான்கோமைசின் அலர்ஜி. எவ்வளவு வேகத்தில் ஓடியது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். புண் எலும்பு வரை போயிருந்தது. கல்ச்சர் ரிப்போர்ட் வான்கோமைசின் கேட்கும் என்றது, சிவப்பு மை கூடாது என்றது. விலை கூடிய வேறு மருந்தை வெளியே வாங்கச் சீட்டு எழுதினார்கள். அவர் மனைவி கடையில் விலை விசாரித்துவிட்டு வந்து, சீட்டை மடித்து மடித்துப் பிரித்தபடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அன்று மதியம் சீஃப் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எத்தனை நிமிஷத்துல ஓடுச்சும்மா?" என்றார். "இருபது இருக்கும் சார்." அவ்வளவு வேகத்தில் விட்டால் யாருக்கும் அப்படி வரலாம், அது உண்மையான ஒவ்வாமை அல்ல, மருந்தே உடம்பிலிருக்கும் ஹிஸ்டமினைக் கிளப்பிவிடுகிறது, மெதுவாக விட்டால் பெரும்பாலும் வராது என்று விளக்கினார். சிவப்பு மையை அடித்துவிட்டு, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முன்கூட்டியே ஏவில் போட்டு, இரண்டு மணி நேரத்தில் விடச் சொன்னார். 200 மில்லி, மில்லிக்கு 20 சொட்டு, மொத்தம் 4,000 சொட்டு. நிமிடத்துக்கு 33. வாட்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றேன். ஒன்றும் வரவில்லை. நான்தான் அன்று வேகமாக விட்டேன் என்று அவரிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னிக்கு மெதுவாப் போவுதுல்ல" என்றார்.

அன்றிலிருந்து மருந்து எதில் கரைகிறது, எதோடு சேராது, எவ்வளவு நேரம் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைத்திருக்கிறேன். செஃப்ட்ரியாக்சோனைக் கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட்டோடு ஒரே லைனில் விடக் கூடாது, படிந்து கட்டியாகும். பச்சிளங் குழந்தைக்கு அது உயிராபத்து. ஜென்டாமைசினையும் பெனிசிலினையும் ஒரே சிரிஞ்சில் கலந்தால் ஒன்று மற்றொன்றைச் செயலிழக்கச் செய்யும். இரண்டுக்கும் நடுவே சலைன் விட்டு லைனைக் கழுவ வேண்டும்.

2021இல் கொரோனா இரண்டாம் அலைக்குப் பின்னால் கருப்புப் பூஞ்சை வந்தபோது அந்த நோட்டு பலருடைய கைக்கும் போயிற்று. அதுவரை ஆம்போடெரிசினை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை பார்த்தவர்கள் நாங்கள். அதை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் விட வேண்டும். பழக்கத்தில் சலைனை எடுத்துவிட்டால் திரிந்துபோகும். பழைய வகை ஆம்போடெரிசினை மணிக்கணக்கில் மெதுவாக விடும்போதே குளிர் தூக்கிப் போடும், கட்டில் ஆடும். போர்வை மேல் போர்வை போர்த்தி, "இது மருந்தோட வேலைதான் அண்ணே, அடங்கிடும்" என்று பக்கத்தில் நின்று சொன்னால் அந்த ஆட்டம் கொஞ்சம் தாங்கும்படி ஆகிறது. பொட்டாசியம் சத்தமில்லாமல் இறங்கும். கால் சோர்ந்து போகிறது என்று நோயாளி சொன்னால் அன்றைய ரத்தப் பரிசோதனை வந்துவிட்டதா என்று லேபுக்கு ஆள் அனுப்புவோம். மருந்து தட்டுப்பாடாக இருந்த நாட்கள் அவை. ஒரு வயலை உடைக்கும்போது கை நடுங்கும்.

வார்டை விட்டுப் போன பிறகு மாத்திரையின் கடிகாரம் வீட்டில் ஓடுகிறது, அங்கே நான் இல்லை. அதனால் டிஸ்சார்ஜ் அன்று பேசுவதற்குக் கால் மணி ஒதுக்குவேன். இதில் எனக்குத் துணைக்கு வருவது பத்தியம் என்ற சொல். டாக்ஸிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும், உடனே படுத்தால் தொண்டைக்குழாய் புண்ணாகும், இரும்புச் சத்து மாத்திரையை அதோடு சேர்க்கக் கூடாது என்றெல்லாம் விதிகளாகச் சொன்னால் மறந்துபோகும். இந்த மாத்திரைக்கு இதுதான் பத்தியம் என்றால் பாட்டிகள் தலையாட்டி ஏற்றுக்கொள்வார்கள். மெட்ரோனிடசோலுக்குக் குடி ஆகாது என்பதும் அப்படியே. எதிர்ப்பக்கம் நிற்கிற சொல் "சூடு". மாத்திரை சூடு, உடம்பு தாங்காது, இரண்டு நாள் விட்டுப் பிடிப்போம் என்பார்கள்.

காசநோய் மாத்திரையில் இந்தச் சூடு பெரிய வில்லன். ரிஃபாம்பிசின் விழுங்கிய சில மணி நேரத்தில் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறும். முதல் நாளே சொல்லி வைக்காவிட்டால், ரத்தம் போகிறது அல்லது சூடு பிடித்துவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள். இரண்டு மாதம் நாலு மருந்து, அப்புறம் நாலு மாதம் மூன்று மருந்து. முதல் மாதத்திலேயே இருமல் நின்று பசியெடுத்துவிடும். மிச்ச ஐந்து மாதம் நோய் இல்லாதவர்போல் நடமாடிக்கொண்டு மாத்திரை விழுங்குவதுதான் கஷ்டம்.

நர்ஸிங் படிக்கும்போது ஒரு டீச்சர் சென்னை சேத்துப்பட்டுக் காசநோய் ஆய்வு மையத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார். 1956இல் தொடங்கியது. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் ஒரு வருடம் வைத்துப் பார்ப்பதற்கும், அதே மருந்தைக் கொடுத்து வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அங்கே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நெருக்கடியான வீடு, போதாத சாப்பாடு, அப்படியிருந்தும் வீட்டில் வைத்துப் பார்த்த வைத்தியம் கிட்டத்தட்ட அதே அளவு பலித்தது. 1959இல் முடிவு வெளியானபோது உலகமே கவனித்தது. எனக்கு மறக்காமல் நின்றது அதில் நடந்த வீட்டு விசிட்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய், மீதி மருந்தை எண்ணி, சிறுநீர் வாங்கிச் சோதித்திருக்கிறார்கள், மருந்து உள்ளே போனதா என்று.

போன வருடம் ஒரு அக்கா, பீடி சுற்றுகிறவர், முதல் வாரத்திலேயே பயந்துபோய் ஓடி வந்தார். "என்னமோ பெயிண்டு மாதிரி போவுது சிஸ்டர்." அது மருந்து வேலை செய்ய உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அடையாளம், கண் மஞ்சளாகி, வாந்தியும் பசியின்மையும் சேர்ந்தால்தான் உடனே வர வேண்டும், அது ஈரல் கேட்கிற கேள்வி என்று பிரித்துச் சொல்லி அனுப்பினேன். ஐந்தாம் மாதம் சளி சோதனைக்கு வந்தவரிடம், மாத்திரை தவறாமல் போடுறீங்களாக்கா என்று கேட்டேன். பையைத் திறந்து மூடி இறுக்கிய ஒரு சின்ன பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"நீங்களே பாருங்க. இன்னிக்கும் ஆரஞ்சுதான்."