தாத்தாப்பூவும் தம்பி காடும்

சின்ன வயசுல நீங்களும் விளையாடியிருப்பீங்க. நீளமான காம்பு, நுனியில் மஞ்சள் பொட்டு, சுற்றி அஞ்சாறு வெள்ளை இதழ். தாத்தாகிட்ட காசு கேட்போம். தரலைன்னா தலையைக் கட்டை விரலால் சுண்டிவிடுவோம். அதுதான் தாத்தாப்பூ. வெட்டுக்காயப் பூண்டுன்னும் சொல்வாங்க; அரிவாள் பட்ட இடத்துல இலையைக் கசக்கிச் சாறு விடுவோம். அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்த செடியாம். இப்போ நம்ம ஊர் வரப்பெல்லாம் அதுதான்.

நாம ஒரு பூன்னு நினைக்கிறது பல குட்டிப் பூக்களின் கூட்டம். ஒவ்வொண்ணும் ஒரு விதையாகும். பூ காய்ந்ததும் காம்பு நுனியில் பஞ்சு உருண்டை மாதிரி விரியும். ஒவ்வொரு விதைக்கும் தலையில் இறகுக் குஞ்சம். மழையில் நனைஞ்சா கிடந்த இடத்திலேயே கிடக்கும். வெயிலும் காத்தும் சேர்ந்தா கிளம்பிடும். வருசம் முழுக்கப் பூக்கும். செடியைப் பிடுங்கி ஈரத்துல போட்டாலும் தண்டின் கணுவில் வேர்விட்டுப் பிழைச்சுக்கும்.

எங்க ஊர் உடுமலைப் பக்கம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியா மேல்காத்து அடிக்கும். என் வெங்காயத் தோட்டத்துக்கு மேற்கே தம்பி காடு. பாகம் பிரிச்சதில் வந்த மனஸ்தாபம். நாலு வருசமாப் பேச்சில்லை. அவன் வெளியூரில் வேலை, காடு சும்மா கிடந்தது. காடு பூராவும் தாத்தாப்பூ. காத்தடிச்சா விதை எல்லாம் என் பாத்திக்குத்தான். போன வருசம் வெங்காயத்துக்கு மூணு தடவை களையெடுத்தேன். விற்ற காசு ஆள் கூலிக்கே சரியாப் போச்சு.

ஒருநாள் களைக்கொல்லி டேங்கைத் தோளில் மாட்டிக்கிட்டு, அவனைக் கேட்காமலே வேலியைத் தாண்டிட்டேன். உள்ளே அப்பா நட்ட வேப்பமரம். அதன் அடியில் டேங்கை இறக்கி வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு போன் போட்டேன்.

"தம்பி, காட்டுல களை விதை கட்டுது" என்றேன். வேற பேச்சு வரலை.

அந்தப் பக்கமும் சத்தமில்லை. அப்புறம், "சும்மா கிடக்குதேன்னு எனக்கும் வருத்தந்தான். நீங்களே ஓட்டிக்குங்க அண்ணா" என்றான்.

பூ பஞ்சாகும் முன்னே உழுதேன். புரட்டாசியில் கொள்ளு விதைச்சிருக்கேன். தை மாசம் அறுப்புக்குப் பிள்ளைகளோட வர்றதாச் சொல்லியிருக்கான்.

தாத்தாப்பூ ஒழியலை, வரப்பில் நிற்குது. பிள்ளைகள் வந்து தலையைச் சுண்டட்டும். விதை முத்துறதுக்கு முந்திச் சுண்டினா எனக்கு ஒரு ஆள் கூலி மிச்சம்.